காலி செய்யப்பட்ட காடு: ஷுமாவா மலையின் க்வில்டா



ஆண்டுக்கு ஒரு நிலப்பகுதியைப் பற்றி ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. எனக்கு முன் பேசியவர்கள் பெரிய பெரிய பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ இருநூறு பேர்கூட நிலையாக வசிக்காத ஓர் ஊர். செக் நாட்டின் தென்மேற்கு ஓரத்தில், ஜெர்மனியின் பவேரியாவை ஒட்டிய ஷுமாவா மலையில் இருக்கிறது. பெயர் க்வில்டா. அங்கே ஜெர்மன் பேசியவர்கள் நிறைந்திருந்த காலத்தில் ஆவுசர்கெஃபில்ட் என்றும் அழைத்தார்கள்.

இன்று அந்த ஊருக்குச் சுற்றுலா போகிறவர்களுக்குக் கொடுக்கப்படும் தாள்களில் "காட்டு இயல்பு மாறாத நிலம்" என்கிற தொனி தவறாமல் இருக்கும். அந்தத் தொனியோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அந்தக் காட்டில் ஆயிரம் ஆண்டுகளாக உப்புச் சுமை நடந்திருக்கிறது, கண்ணாடி உருகியிருக்கிறது, மரம் மிதந்து போயிருக்கிறது, மின்வேலி ஓடியிருக்கிறது. அதை மனிதக் கை படாத காடு என்று சொல்வது, அங்கே இருந்த மனிதர்களை இரண்டாம் முறை வெளியேற்றுவது. இன்றைய பேச்சு முழுவதும் இந்த வழக்கைப் பற்றித்தான்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். க்வில்டா கடல் மட்டத்திலிருந்து 1,065 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செக் குடியரசில் இதைவிட உயரத்தில் வேறு ஊராட்சி கிடையாது. கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்கள் இந்த எண்ணைக் கேட்டுச் சிரிக்கலாம். அதில் ஏறக்குறைய பாதி உயரம்தான். ஆனால் க்வில்டா இருப்பது 49 பாகை வட அகலாங்கில். அங்கே ஆயிரம் மீட்டர் என்பது நீண்ட குளிர்காலம், மிகக் குறுகிய விளைச்சல் காலம், உருளைக்கிழங்கும் ஓட்ஸும் தவிர வேறெதையும் நம்பிப் பயிரிட முடியாத மண்.

மலை என்றதும் கூரான சிகரங்களை நினைக்க வேண்டாம். ஷுமாவாவின் இந்தப் பகுதி மேலே தட்டையாகப் பரந்து கிடக்கும் மேட்டுநிலம். தண்ணீர் வடிய வழியில்லாத இடங்களில் கரிச்சதுப்பு உண்டாகியிருக்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்ததிலிருந்து ஸ்ஃபேக்னம் பாசி வளர்ந்து, மடிந்து, அழுகாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்திருக்கிறது. அவற்றில் ஒன்று பக்கத்துக் குடியிருப்பான ஹோர்ஸ்கா க்வில்டாவை ஒட்டியுள்ள யெசெர்னி ஸ்லாட் என்னும் சதுப்பு. 1987 ஜனவரி 30 அன்று அங்கே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 41.6 பாகை செல்சியஸ் வரை இறங்கியது.

இவ்வளவு குளிர் அங்கே எப்படி வருகிறது என்பது புவியியல் மாணவர்களுக்கு நல்ல பாடம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தைத் தொட்ட காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. சதுப்பு ஒரு ஆழமற்ற பள்ளம். வந்த குளிர் வெளியேற வாசல் இல்லை. கோடையின் நடுவில்கூட அங்கே விடியற்காலையில் உறைபனி படிவதுண்டு. சற்று மேட்டில் இருக்கும் வீடுகளில் அதே நேரத்தில் பல பாகை வெப்பம் கூடுதலாக இருக்கும். பழைய குடியானவர்கள் வீடு கட்ட எங்கே இடம் தேர்ந்தார்கள் என்று பார்த்தால், வெப்பமானி இல்லாமலே இந்தப் பாடத்தைப் படித்திருந்தார்கள் என்பது தெரியும்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். க்வில்டாவுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், கருமலை என்று பொருள்படும் செர்னா ஹோரா மலையின் சரிவில், 1,172 மீட்டர் உயரத்தில் வல்டாவா ஆறு பிறக்கிறது. பிராக் நகரின் நடுவே ஓடும் அதே வல்டாவாதான். 430 கிலோமீட்டர் ஓடி மெல்னிக் என்ற ஊரில் எல்பே ஆற்றில் கலந்து வட கடலுக்குப் போகிறது. ஊற்றுக்கு மேலே இருக்கும் மலைமுகட்டைத் தாண்டி விழும் மழையோ பவேரியப் பக்கம் இறங்கி, இல்ட்ஸ் ஆற்றில் சேர்ந்து, பாசவ் நகரில் டான்யூபோடு கலந்து கருங்கடலுக்குப் போகிறது. நாட்டெல்லையும் நீர்ப்பிரி முகடும் இங்கே கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடுகின்றன.

அந்தப் பாசவ் நகரை நினைவில் வையுங்கள். க்வில்டாவின் வரலாறு அங்கிருந்துதான் மேலேறி வருகிறது.

செக் நாட்டின் மேற்குப் பாகமான போஹீமியாவில் உப்பு கிடையாது. கடலும் இல்லை, உப்புப் பாறையும் இல்லை. ஆல்ப்ஸ் மலையடிவாரத்து உப்பு ஆற்று வழியாகப் பாசவ் வந்து, அங்கிருந்து குதிரை முதுகில் காட்டைத் தாண்டிப் போஹீமியாவுக்குள் வந்தது. இந்த வழிக்குப் பொன்வழி என்று பெயர். 1010-இல் ஜெர்மன் அரசர் இரண்டாம் ஹென்றி, போஹீமியாவுக்குப் போகும் இவ்வழியின் சுங்கத்தைப் பாசவின் நீடர்ன்பர்க் கன்னிமடத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஆகவே இந்த வழிக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று இருக்கிறது. பிற்காலத்தில் அது மூன்று கிளையாகப் பிரிந்தது: ஒன்று பிராஹாதித்ஸேவுக்கு, ஒன்று விம்பெர்க்குக்கு, மூன்றாவது காஷ்பெர்ஸ்கே ஹோரி என்ற தங்கச் சுரங்க ஊருக்கு. அந்த மூன்றாவது கிளை மன்னர் நான்காம் சார்ல்ஸ் காலத்தில், 1356-இல், அமைந்தது. அதே ஆண்டில் அவர் அந்த வழிக்குக் காவலாகக் காஷ்பெர்க் கோட்டையையும் எழுப்பத் தொடங்கினார். வழி க்வில்டா வழியாகப் போனது.

பொன்வழி என்றதும் வண்டிப் பாதையைக் கற்பனை செய்யக்கூடாது. ஒற்றையடிப் பாதை. ஒரு குதிரை சுமார் 150 கிலோ உப்பைச் சுமந்து வரும். ஒருவர் பின் ஒருவராகச் சுமைக்காரர்கள் கூட்டமாக நடப்பார்கள், கொள்ளையருக்குப் பயந்து. ஈரமான இடங்களில் மரத்துண்டுகளைக் குறுக்கே போட்டுப் பாதையை உறுதிப்படுத்தியிருப்பார்கள். குளம்புகள் தேய்த்த பள்ளங்கள் இன்றும் காட்டுச் சரிவுகளில் வாய்க்கால்போலத் தெரிகின்றன. தொல்லியலாளர்கள் பழைய வழியை மறுபடி கண்டுபிடித்ததே இந்தப் பள்ளங்களை வைத்துத்தான். திரும்பிப் போகும்போது குதிரைகள் வெறுமனே போகாது. போஹீமியத் தானியமும் மால்ட்டும் பாசவுக்கு இறங்கும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போஹீமியாவை வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு அயல்நாட்டு உப்பைத் தடுத்துத் தன் சொந்த ஆஸ்திரிய உப்பை வேறு வழியாக அனுப்பத் தொடங்கியதும், எழுநூறு ஆண்டு வழி அடங்கிப்போயிற்று. வியன்னாவில் ஒரு கையெழுத்து. இங்கே காட்டில் வழிப்போக்கரை நம்பிய பிழைப்பு போயிற்று. இந்த ஊரின் கதையில் இப்படித் தொலைவில் போடப்பட்ட கையெழுத்துகள் இன்னும் வரும்.

உப்பு போனது, கண்ணாடி நிலைத்தது. கண்ணாடிக்கு மணல் வேண்டும், நெருப்பு வேண்டும், மரச்சாம்பலிலிருந்து எடுக்கும் பொட்டாஷ் வேண்டும். உலையில் எரித்த மரத்தைவிடச் சாம்பலுக்காக எரித்த மரம் பல மடங்கு. சுற்றிலும் காடு தீர்ந்ததும் பட்டறையே இடம் பெயரும். பின்னால் வெட்டவெளியும் சில குடிசைகளும் மிஞ்சும். மலை மேலிருக்கும் பல ஊர்கள் இப்படி மிஞ்சியவை. க்வில்டாவுக்குக் கண்ணாடி வேறொரு தொழிலையும் கொடுத்தது: கண்ணாடியின் பின்புறத்தில் வரையும் சாமிப் படங்கள். காகிதத்தில் வரைகிறவர் பின்னணியிலிருந்து தொடங்கி முகத்துக்கு வருவார். இங்கே எல்லாம் தலைகீழ். முதலில் கண்ணிமையின் கோடு, உதட்டின் சிவப்பு, அணியின் ஒளிப்புள்ளி, அதன் மேல் தோலின் நிறம், அதன் மேல் உடை, கடைசியில் பின்னணி. தவறினால் திருத்த முடியாது. இடவலமும் மாறும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் படங்கள் க்வில்டாவிலிருந்து முதுகுச் சுமையாக ஊர் ஊராகப் போய் விற்றன. ஏழை வீட்டுச் சுவருக்கு எட்டும் விலையில் ஒரு புனிதர். கலை வரலாற்றுப் புத்தகங்கள் இதற்கு ஓர் அடிக்குறிப்பு ஒதுக்குவதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம்.

அடுத்தது மரம். பிராக் நகருக்கு விறகு வேண்டியிருந்தது. காடு இங்கே இருந்தது. நடுவில் வண்டி போகாத மலை. ஜோசஃப் ரோசெனாவர் என்ற பொறியாளர் 1799 முதல் 1801 வரை பக்கத்து ஊரான மொட்ராவாவுக்கு அருகே ஒரு மிதவைக் கால்வாய் வெட்டினார். விட்ரா ஆற்றின் பாறை நிறைந்த பகுதியைச் சுற்றி மரக்கட்டைகளை இறக்கி, ஓட்டாவா ஆற்றில் விட்டு, வல்டாவா வழியாகப் பிராக் வரை மிதக்கவிட்டார்கள். 1820களில் ஃப்ரான்ஸ் பீனெர்ட் என்பவர் மொட்ராவாவில் இசைக்கருவிகளுக்கான பலகை அறுக்கத் தொடங்கினார். குளிர்ந்த மேட்டுநிலத்தில் ஸ்ப்ரூஸ் மரம் மெதுவாக வளர்கிறது. ஆண்டு வளையங்கள் நெருக்கமாகவும் சீராகவும் விழுகின்றன. வயலினுக்கும் பியானோவுக்கும் ஒலிப்பலகை செய்ய அதுவே ஏற்ற மரம். விவசாயத்தைக் கொன்ற குளிர் இசைக்கு உதவியது.

இப்போது 1870-க்கு வருகிறேன். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் ஒரு புயல் ஷுமாவாவை அடித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1868-லும் ஒரு பெருங்காற்று அடித்திருந்தது. மலை முழுவதும் மரங்கள் சாய்ந்தன. பின்னாலேயே வண்டு வந்தது.

இந்த வண்டு பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய சண்டையும் இதைச் சுற்றியே நடக்கிறது. ஸ்ப்ரூஸ் பட்டை வண்டு நான்கைந்து மில்லிமீட்டர் நீளம்தான். முதலில் ஆண் வண்டு பட்டையைத் துளைத்து உள்ளே போய் ஒரு மணத்தை வெளிவிடும். அந்த மணத்துக்கு மற்ற வண்டுகள் திரளும். பெண் வண்டு பட்டைக்கு அடியில் நேராக ஒரு வழி குடைந்து இருபுறமும் முட்டையிடும். புழுக்கள் பக்கவாட்டில் குடைந்துகொண்டே போகும். மரத்தின் உணவோட்டம் பட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. அது அறுபட்டால் மரம் பட்டுப்போகும். நலமாக இருக்கும் மரம் பிசினைப் பீய்ச்சி முதல் வண்டுகளைக் கொன்றுவிடும். சாய்ந்த மரத்திடம் பிசினைத் தள்ள வலு இல்லை. ஆகவே ஒவ்வொரு பெரும்புயலும் வண்டுக்கு விருந்து; அந்த விருந்தில் பெருகிய படை பிறகு நிற்கிற மரங்களையும் வென்றுவிடும்.

1870களில் அதுதான் நடந்தது. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது முதலில் செல்வமாகவே வந்தது. விழுந்த மரத்தை வெட்டி எடுக்க ஆள் போதவில்லை; வெளியூர்களிலிருந்து கூலிக்காரர்கள் வந்து குவிந்தார்கள்; வறண்ட மலையூரில் திடீரென்று கைநிறையப் பணம். சாராயக் கடைகள் பெருகின. மரம் தீர்ந்ததும் பணமும் தீர்ந்தது. இதையெல்லாம் நாவலாக எழுதியவர் காரெல் குளோஸ்டர்மன். 1893-இல் வந்த "வி ராயி ஷுமாவ்ஸ்கெம்" நாவல் இந்தப் பணவெள்ளத்தைப் பற்றியது. ஜெர்மன் பேசும் குடும்பத்தில் பிறந்து, பிள்சென் நகரின் ஜெர்மன் பள்ளியில் மொழியாசிரியராக வேலை பார்த்துக்கொண்டு, ஜெர்மன் பேசும் காட்டுமக்களின் கதையைச் செக் மொழியில் எழுதியவர் அவர். இரு தரப்புத் தேசியவாதிகளுக்கும் முழுதாகப் பிடிக்காத ஆள். எனக்கு அதனாலேயே அவரிடம் மதிப்புக் கூடுதல்.

1889-இல் க்வில்டாவில் பெருந்தீ. மரத்தால் கட்டிய பழைய தேவாலயம் எரிந்துபோய், இன்று நாம் பார்க்கும் புனித ஸ்டீஃபன் ஆலயம் 1892 முதல் 1894 வரை கட்டப்பட்டது.

இனி 20-ஆம் நூற்றாண்டு. 1938 செப்டம்பர் இறுதியில் மியூனிக்கில் போட்ட ஒப்பந்தத்தால் செக் எல்லைப்புறம் ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போனது. க்வில்டாவும் போனது. 1945-இல் அமெரிக்கப் படை ஷுமாவாவை வந்தடைந்தது. அதன் பிறகு செக்கோஸ்லோவாக்கியா தன் ஜெர்மன் பேசும் குடிமக்களை வெளியேற்றியது. நாடு முழுவதும் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர். ஆளுக்கு 30 முதல் 50 கிலோ மூட்டை அனுமதி. நாஜிக் கொடுமை எவ்வளவு உண்மையோ, கொடுமை செய்யாத கிழவியும் குழந்தையும் அந்த மூட்டையோடு இறக்கப்பட்டதும் அவ்வளவு உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தயங்குகிறவர்கள் எல்லைப்புற வரலாறு எழுத வர வேண்டாம். காலியான வீடுகளுக்கு உள்நாட்டிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். இந்தக் குளிரையும் இந்த மண்ணையும் அறியாத பலர் சில குளிர்காலங்களுக்குள் திரும்பிப் போய்விட்டார்கள்.

1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபின் எல்லை மூடியது. 1950களின் தொடக்கத்தில் எல்லையோரம் தடை செய்யப்பட்ட பட்டை வகுத்தார்கள். அதற்குள் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். மூன்று வரிசைக் கம்பிவேலி. நடுவேலியில் சில ஆயிரம் வோல்ட் மின்சாரம். காலடித் தடம் தெரிவதற்காக உழுது சமப்படுத்திய மண். சில ஆண்டுகள் கண்ணிவெடியும். 1948 முதல் 1989 வரை செக்கோஸ்லோவாக்கிய எல்லைகளில் தப்பிக்க முயன்று இறந்தவர்கள் சுமார் 280 பேர்.

க்வில்டாவிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தெற்கே, எல்லைக்கோட்டின் மேலேயே, புச்சினா என்றொரு ஊர் இருந்தது. 1,162 மீட்டர் உயரம். போஹீமியாவில் அதைவிட உயரத்தில் கிராமம் இருந்ததில்லை. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து ஆல்ப்ஸ் தெரியும். 1956-இல் அந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதே ஆண்டில் பக்கத்துக் க்னீஜெட்ஸி பிளானே ஊரின் தேவாலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும் மிஞ்சியது. 1989-க்குப் பிறகு அதைச் சீர்செய்தார்கள். இன்றைக்கு க்வில்டா "செக் நாட்டின் மிக உயரமான ஊர்" என்று பெருமை பேசுகிறதே, அந்தப் பட்டம் புச்சினாவை அழித்ததால் வந்தது. எல்லையிலிருந்து சற்றே உள்ளே இருந்ததால் க்வில்டா பிழைத்தது.

வல்டாவாவின் ஊற்றே அந்த எல்லைப் பட்டைக்குள் அகப்பட்டுக்கொண்டது. செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனாவின் இசையில் அந்த ஆற்றை நாடே கேட்டுக்கொண்டிருந்தது; ஊற்றைப் பார்க்க நினைத்தபோது போய்வர முடியவில்லை.

இந்தக் காட்டு வழியாக ஆட்களைக் கடத்திக் கூட்டிப்போனவர்களில் பெயர் பெற்றவர் ஜோசஃப் ஹாசில். எல்லைக் காவலராக இருந்து, தப்பியோட உதவியதற்காகச் சிறைப்பட்டு, சிறையிலிருந்து தப்பி, பவேரியாவுக்கும் போஹீமியாவுக்கும் இடையே இரவுகளில் நடந்தவர். அவர் சகோதரர் பொகுமில் 1950-இல் காவலரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் உயிர் விட்டார். 1959-இல் "க்ரால் ஷுமாவி", அதாவது ஷுமாவாவின் அரசன், என்ற திரைப்படம் வந்தது; அதில் எல்லைக் காவலர்தான் நாயகர்கள், வழிகாட்டி வில்லன். 2001-இல் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல் ஹாசிலுக்கு வீரப் பதக்கம் கொடுத்தார். ஹாசில் 2019-இல் சிகாகோவில் காலமானார்.

1989 டிசம்பர் 23 அன்று செக்கோஸ்லோவாக்கிய, மேற்கு ஜெர்மன் வெளியுறவு அமைச்சர்கள் இருவரும் சேர்ந்து வேலிக்கம்பியை வெட்டினார்கள். 1991-இல் ஷுமாவா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது; 680 சதுர கிலோமீட்டர், நாட்டிலேயே பெரியது. எல்லைக்கு அப்பால் பவேரியக் காட்டுப் பூங்கா 1970 முதலே இருந்தது. இரண்டும் சேர்ந்து நடு ஐரோப்பாவின் மிகப் பெரிய பாதுகாக்கப்பட்ட காட்டுத் தொடர். நாற்பது ஆண்டு யாரும் நுழையாததால் அங்கே லின்க்ஸும் காட்டுக்கோழியும் வாழ இடம் கிடைத்தது உண்மை. அந்த வசதியின் விலையைக் கொடுத்தது புச்சினா போன்ற ஊர்கள்.

2007 ஜனவரியில் கிரில் புயல் அடித்தது. மீண்டும் சாய்ந்த மரம், மீண்டும் வண்டு. வெட்டி எடுப்பதா, விட்டுவிடுவதா? ஊராட்சிகளும் வனத்துறையினரில் பலரும் வெட்டச் சொன்னார்கள். உயிரியலாளர்கள் பலர் விடச் சொன்னார்கள். 2011-இல் மொட்ராவாவுக்கு அருகே ப்டாச்சி போட்டோக் என்ற ஓடைப்பகுதியில் சூழலியலாளர்கள் மரங்களோடு தங்களைக் கட்டிக்கொண்டு வெட்டுவதை மறித்தார்கள், காவலர்கள் அப்புறப்படுத்தினார்கள், காவலர்களின் அந்த நடவடிக்கை சட்டவிரோதம் என்று பின்னர் நீதிமன்றம் சொன்னது. பட்ட மரங்களுக்கு அடியில் இன்று இளம் ஸ்ப்ரூஸும் ரோவன் மரமும் அடர்ந்து நிற்கின்றன. ஆகவே உயர்ந்த முகடுகளில் விட்டுவிடச் சொன்னவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. ஆனால் தாழ்ந்த சரிவுகளில் பீச்சும் ஃபிர்ரும் கலந்திருந்த காட்டை வெட்டி, வருமானத்துக்காக ஒரே மரமாக ஸ்ப்ரூஸை நட்டது மனிதர்கள். அதையும் "இயற்கை" என்று சொல்லிக் கைகழுவுவதை ஏற்க முடியாது. காட்டில் ஒவ்வொரு ஏக்கருக்கும் தனித்தனி வரலாறு உண்டு. அதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

அந்த வரலாறு விலங்குகளின் நடையிலும் தெரிகிறது. ஆய்வாளர்கள் இரு பூங்காக்களிலும் சுமார் 300 செம்மான்களின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டிப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வேலி இருந்தபோது பிறக்கவே பிறக்காத மான்கள்கூடப் பெரும்பாலும் அந்தப் பழைய எல்லைக்கோட்டைத் தாண்டுவதில்லை. குட்டி தாயின் பின்னால் நடந்து தாயின் தடத்தையே கற்றுக்கொள்கிறது. அந்தத் தாய் தன் தாயிடமிருந்து கற்றது. மனிதர்கள் வேகமாக மறந்துவிட்டார்கள். 2007 டிசம்பர் 21-இல் செக் நாடு ஷெங்கன் வட்டத்தில் சேர்ந்ததிலிருந்து, புச்சினாவிலிருந்து பவேரியாவின் ஃபின்ஸ்டராவுக்குக் கடவுச்சீட்டைக் காட்டாமல் நடந்து போகலாம். சுற்றுலாப் பயணிகளுக்காக அங்கே வேலியின் ஒரு சிறு துண்டை மாதிரிக்குப் புதிதாகக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஹாப்ஸ்பர்க் அரசு நிலவரிக்காகப் போஹீமியா முழுவதையும் வீடு வீடாக, வயல் வயலாக அளந்து வண்ண வரைபடங்கள் வரைந்தது. செக் நில அளவைத் துறை அவற்றை இணையத்தில் எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மொழி தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் அந்த வரைபடத்தையும் மறுபக்கம் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் வைத்து க்வில்டாவையும் அதற்குத் தெற்கே எல்லை வரையிலும் பாருங்கள். பழைய படத்தில் வீடும் தோட்டமும் இருக்கும் இடங்களில் புதிய படத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வாரம் துறை நூலகத்தில் உட்கார்ந்து பேசுவோம்.